சாமிப் படகுக்குக் கயிறு போடுவதில்லை

காபியை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், ஐயா. கொஞ்சம் உப்புக் கரிக்கும். எங்கள் புந்தா கார்சா ஊருக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வருகிறது. லாரித் தொட்டியின் அடியில் என்ன கிடக்கிறதோ அது காபியிலும் கிடக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

உங்களை வரச் சொன்னது ஒரே ஒரு திருத்தத்துக்காக. நேற்று கோயில் வாசலில், செத்தவர்களின் வீட்டார் முன்னால், துறைமுக அலுவலகத்தின் முடிவை வாசித்தீர்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நானும் நின்றிருந்தேன். பியென்வெனிதா படகு பாறையில் மோதிக் கவிழ்ந்ததற்கு இரண்டு காரணம் சொன்னீர்கள். ஒன்று, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியது. இன்னொன்று, என்ஜின் பராமரிப்பில் கவனக்குறைவு. முதலாவது சரி. இரண்டாவது சரியில்லை. அந்த என்ஜினைப் பராமரித்தவள் நான். நீங்கள் வாசித்து முடித்த கொஞ்ச நேரத்தில், என்னிடம் பழுதுபார்க்க விட்டிருந்த பம்பை ஒருவர் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போனார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கடற்கரையில் என்னிடம் இருப்பது ஒரு பெயர்தான். அதை எடுத்துக்கொண்டு போக யாரையும் நான் விட முடியாது.

என் முழுப்பெயர் தொமிதிலா. ஊருக்கு தொமி. அப்பா சாகும்போது படகை அண்ணன் எவாரிஸ்தோவுக்கும் ஸ்பேனர் பெட்டியை எனக்கும் கொடுத்தார். அவர் மனதில் அது சமமான பங்கு. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்தப் பெட்டியால்தான். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. என்ஜின் எங்கே தட்டுகிறது என்று கேட்டுச் சொல்ல ஒரு காது வேண்டியிருந்தது. அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரில் மிதக்கிற படகில் பெண்ணின் கால் படக்கூடாது. பட்டால் வலை காலியாக வரும். மணலில் இழுத்துப் போட்ட படகில் நான் ஏறலாம், இறங்கலாம், என்ஜின் குழிக்குள் நாள் முழுக்கக் கிடக்கலாம். அப்போது அது படகில்லை, மரம். தண்ணீர் அதன் அடியைத் தொட்டதும் நான் இறங்கிவிட வேண்டும். ஆகவே என் கையால் பூட்டிய ஒரு என்ஜின்கூடக் கடலில், முழு ரேஸில், எப்படிப் பாடுகிறது என்று நான் கேட்டதில்லை. கரையில் ஓடவிட்டுக் கேட்பது வேறு. சுமை இல்லாதபோது எல்லா என்ஜினும் நல்ல பிள்ளைதான்.

அதனால் புகையைப் படிக்கப் பழகினேன். படகுகள் திரும்பும் நேரத்தில் கரையில் நின்று பார்ப்பேன். கருப்பாக வந்தால் என்ஜின் தன்னால் முடிந்ததற்கு மேல் தின்கிறது. வெள்ளையாக வந்தால் தின்றது செரிக்கவில்லை. நீலமாக வந்தால் தன் கொழுப்பையே தின்னத் தொடங்கிவிட்டது, பிஸ்டன் ரிங்கு போய்விட்டது என்று பொருள். படகு மணலைத் தொடுவதற்கு முன்பே என்ஜினில் எந்தப் பாகத்தைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும். ஆட்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். புகையில் ஜோசியம் பார்க்கிறாள் என்பார்கள். சிரித்துவிட்டு என்ஜினை என்னிடம்தான் விட்டுப்போவார்கள்.

பியென்வெனிதா. நல்வரவு. அந்தப் பெயரைப் பலகையில் வெள்ளைச் சாயத்தால் எழுதியதும் நான்தான்.

அதில் இருந்தது ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் என்ஜின். போன வருடம் அதற்கு ஒரு சீக்கு வந்தது. கரையில் நன்றாக ஓடும். விரிகுடாவுக்குள் நன்றாக ஓடும். முனையைத் தாண்டி அண்ணன் முழு ரேஸ் கொடுத்தால் மூச்சு வாங்கும், வெள்ளையாக இரண்டு குப்பென்று விடும், நின்றுவிடும். கொஞ்சம் விட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. பைத்தா நகரத்திலிருந்து மாஸ்டர் லிசாந்த்ரோ என்று ஒருவரை வரவழைத்தான். அவர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். ஃபில்டரை மாற்றினார். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதினார். காற்று போயிற்று. குழாய் சரி என்றார். கடைசியில் பம்பில் இருக்கிற திருகைத் திருப்பி டீசலைக் கூட்டிவைத்தார். தாகம் என்று சொல்கிறவன் வாயில் சோற்றைத் திணிப்பது போல. அதன்பின் படகு நின்றும் போயிற்று, நிற்காதபோது கரியாகவும் புகைந்தது. கரையில் காய்ந்த துணியெல்லாம் கருத்தது.

நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முழு ரேஸில்தான் நிற்கிறது, ஓய்வெடுத்தால் எழுந்துவிடுகிறது. அப்படியென்றால் எரிப்பதில் குறை இல்லை, குடிப்பதில் குறை. படகு மணலுக்கு வந்த ஒரு நாளில், யாரும் கேட்காமலே, தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் பலகைக்கு அடியில் ஓடுகிற ரப்பர் குழாயைக் கழற்றினேன். வெளியே புதிது போல இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தேன். உள்தோல் ஓரிடத்தில் உரிந்து ஒரு நாக்கு மாதிரி தொங்கியது. மெதுவாக உறிஞ்சினால் அந்த நாக்கு படுத்திருக்கும். பலமாக உறிஞ்சினால் எழுந்து தொண்டையை அடைக்கும். என்ஜின் நின்றதும் மறுபடி படுத்துக்கொள்ளும். வாயால் ஊதுகிறவனுக்கு அது ஒருநாளும் அகப்படாது.

என் வீட்டிலிருந்த நல்ல குழாயைப் போட்டேன். பம்புத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய குழாயை வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். அதற்குப் பிறகு பியென்வெனிதா ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதன் புகை கண்ணுக்கே தெரியாது. சூடான காற்று நடுங்குவது மட்டும் தெரியும். அண்ணனிடம் சொன்னேன். "ம்" என்றான். மறுநாள் கடைத்தெருவில், மாஸ்டர் லிசாந்த்ரோவின் கைராசி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் கோபக்காரி இல்லை, ஐயா. கோபம் வந்தால் நட்டைத் தேவைக்கு மேல் இறுக்கிவிடுவேன், மரை போய்விடும். அதனால் கோபத்தை நான் பழக்கிக்கொள்ளவில்லை.

எங்கள் சாமி, புனித இராயப்பரின் திருவிழாவுக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு படகு சாமியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகும், மற்றப் படகுகள் பின்னால் போகும். விரிகுடா வாசலில் இருக்கிற பிரார் பாறைகளைச் சுற்றிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய், கடலில் செத்தவர்களுக்கு மலர் வளையம் விட்டுத் திரும்புவார்கள். அந்த ஒரு நாள் மட்டும் பெண்களும் படகில் ஏறலாம், சாமி இருப்பதால் தோஷமில்லை. எனக்குத்தான் ஒரு வருடமும் இடம் கிடைத்ததில்லை. போன வருடம் சாமியை ஏற்றிய வேறொரு படகு கரியாகப் புகைந்து, இராயப்பரின் வெள்ளைப் போர்வை அடுப்படித் துணி போல ஆகிவிட்டது. அதனால் இந்த வருடம் விழாத் தலைவர் தோன் அனஸ்தாசியோ, புகையே விடாத படகு எது என்று கரையில் நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பியென்வெனிதா.

என் வேலையால் கிடைத்த மரியாதை அது. எனக்குப் பாராட்டு வேண்டியிருக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில் ஒரே ஓர் ஆசை. என் என்ஜின் வெளிக்கடலில், முழு ரேஸில், எப்படிச் சத்தம் போடுகிறது என்று பக்கத்தில் நின்று ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்காக நீலத்தில் ஒரு கவுன் தைத்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை அண்ணன் வீட்டு முற்றத்தில் காகிதப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். பீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரே கிளாஸ்தான் வட்டமாகச் சுற்றும். குடித்தவர் நுரையைத் தரையில் கொட்டிவிட்டு அடுத்தவர் கையில் கொடுப்பார். நான் வட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் இருந்தாள்.

"அண்ணா, நாளைக்கு எனக்கு ஒரு எடம் வேணும். என்ஜின் பக்கத்துல நிக்கிற அளவு போதும்," என்றேன்.

"எடமா? சாமி, பாதிரியார், பேண்டு, தலைவர் வீட்டு ஆளுங்க, பீர்ப் பெட்டி. நீ எங்க நிப்ப? வழக்கம்போல கரையில நின்னு பொகையப் பாரு தொமி."

"ஒரு தடவ முழு ரேஸ்ல கேக்கணும்ணா. அவ்வளவுதான்."

"கேக்கறதுக்கு மாஸ்டர் லிசாந்த்ரோ வர்றாரு. என்ஜினுக்கு உயிர் குடுத்தவரு, அவரே பக்கத்துல உக்காரப் போறாரு. உன்மேல டீசல் நாத்தம். சாமிக்கு எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் அதயும் மீறி அடிக்கும்."

அவன் கூட்டாளி ஒருவன், மீனெல்லாம் எல்லை தாண்டி ஈக்வடாருக்கு ஓடிவிடும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். அம்மா காகிதப் பூவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவன் சொல்றதும் நெசந்தானேடி," என்றாள். "நீ குளிச்சாலும் போறதில்ல."

கிளாஸ் வந்தது. என் பக்கத்திலிருந்தவன் நுரையைக் கொட்டிவிட்டு, என் மடியைத் தாண்டிக் கையை நீட்டி அந்தப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தான். வேண்டுமென்று செய்யவில்லை. நான் அங்கே இருப்பது அவன் கைக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். ஆணியிலிருந்து பழைய குழாயை எடுத்தேன். கடற்கரைக்குப் போனேன். பியென்வெனிதா மணலில் இருந்தது, பெண்கள் அதற்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல், ஐயா. நான் எதையும் மறைக்கவில்லை. ஒருத்தி எனக்கு ஒரு குவளை சிச்சா, சோளக் கள், கொடுத்தாள், குடித்தேன். பலகையைத் தூக்கினேன். இரண்டு கிளிப்பைத் தளர்த்தி என் குழாயைக் கழற்றினேன், அவர்களுடைய குழாயை மாட்டினேன், கிளிப்பை இறுக்கினேன். காற்றுப் புகாமல், சொட்டாமல், சுத்தமாக. பலகையை மூடிவிட்டு மேலே துடைத்தும் வைத்தேன். என்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன், அவர்களுடையதை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது.

காலையில் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். பாம்பிலோ மாமாவின் படகு சாமிப் படகுக்கு நேர் பின்னால் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். "ஏறு தொமி. என் படகும் உன்ன மாதிரியேதான் நாறும், ஒருத்தருக்கொருத்தர் வித்தியாசம் தெரியாது," என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஏறினேன். தண்ணீரில் மிதக்கிற படகில் முதல்முதலாகக் கால் வைத்தது அப்போதுதான். முன்பக்கம் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தேன்.

பியென்வெனிதாவில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அம்மா என்ஜின் மூடிமேல் உட்கார்ந்திருந்தாள், முட்டிக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும் என்று. நான் கூப்பிட்டேன்.

"அம்மா, இங்க வந்துடு. இங்க எடம் இருக்கு."

"எம்மகன் சாமியத் தூக்கிட்டுப் போறான். நான் உங்கூட நாத்தப் படகுலயா வருவேன்?"

இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். முட்டி வலிக்கும், இறங்கி வா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூப்பிட்டதற்குப் பாம்பிலோ மாமா சாட்சி.

விரிகுடாவுக்குள் எல்லாம் அழகாக இருந்தது. பேண்டு வாசித்தது, வெடி போட்டார்கள். சுமையால் புகை லேசாகக் கருத்திருந்தது, போர்வையைக் கெடுக்கிற அளவுக்கு இல்லை. பிரார் பாறைகளுக்கு வந்தோம். அங்கே நீரோட்டம் வெளியிலிருந்து உள்ளே தள்ளும். எந்தப் படகும் முழு ரேஸ் கொடுத்துத்தான் சுற்றிப் போக வேண்டும். அண்ணன் கொடுத்தான். நான் கேட்டேன், ஐயா. இருபது கை தூரத்திலிருந்து கேட்டேன். அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம், ஒன்றுகூடப் பிசகாமல் ஆறும் சேர்ந்து. நான் நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. வெள்ளையாக இரண்டு குப்பென்று வந்தது. நின்றது.

பேண்டு கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. படகு குறுக்கே திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. பாறைப் பக்கம் நகர ஆரம்பித்தது. மாஸ்டர் லிசாந்த்ரோ வெள்ளைச் சட்டையோடு மூடிக்குப் பக்கவாட்டில் குழிக்குள் இறங்கி, பம்பு மேல் இருக்கிற நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். அதுதான் செய்யக்கூடாதது. சும்மா விட்டிருந்தால் நாக்கு படுத்திருக்கும். கிளப்பி, பாதி ரேஸில், பின்னால் திரும்பியிருக்கலாம். 'கிளப்பு, மெதுவாத் திருப்பு' என்று நான் சொல்லியிருந்தால் போதும். பேண்டு சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். பேண்டு நின்றபிறகு, என் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"தொமி, கயித்த வீசு," என்றார் பாம்பிலோ மாமா.

கயிறு என் கையில்தான் இருந்தது. உங்களுக்குத் தெரியாத ஒரு வழக்கம் இங்கே உண்டு. சாமி இருக்கிற படகுக்குக் கயிறு போடக்கூடாது. சாமிதான் ஊரை இழுத்துப் போக வேண்டும், ஊர் சாமியை இழுக்கக்கூடாது. அப்பா காலத்தில் ஒருமுறை போட்டார்களாம். அந்த வருடம் கடல் வெந்நீராகி, மீன் எல்லாம் போய், ஊரே பட்டினி கிடந்தது. மற்றப் படகுக்காரர்களும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றதை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். பயந்து நிற்கவில்லை, பக்தியில் நின்றார்கள்.

நான் அவரிடம் சொன்னேன். "சாமிக்குக் கயிறு போடக்கூடாது மாமா. தலைவர் சொல்லட்டும்."

என் கால் படகில் பட்டால் வலை காலியாகும் என்று ஐம்பது வருடம் எனக்குச் சொன்னவர்கள் அவர்கள். அவர்களுடைய வழக்கத்தை நான் ஒரு நாள் அவர்களுக்காகக் காப்பாற்றினேன். பாம்பிலோ மாமா என்னைப் பார்த்தார், சாமிப் படகில் இருந்த தோன் அனஸ்தாசியோவைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் திறந்து, கயிறு போடச் சொல்லிக் கையைத் தூக்கியபோது நான் உடனே வீசினேன். நன்றாகவே வீசினேன். அங்கே பிடிக்க ஆள் நிற்கவில்லை, எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார்கள்.

பதினொரு பேர். மாஸ்டர் லிசாந்த்ரோ கடைசிவரை குழியை விட்டு எழவில்லை, அதை நான் மதிக்கிறேன். அம்மாவும் போனாள், அவருக்கு மேலே, அந்த மூடியிலேயே. திருவிழாக் கவுனும் பாவாடையும் தண்ணீரில் கல் மாதிரி கனக்கும். இராயப்பர் மிதந்தார், அவரைக் கையால்தான் தூக்கினார்கள், கயிறு போடவில்லை. அண்ணன் நீந்திவந்துவிட்டான். கரையில் ஏறி உட்கார்ந்து அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"என் தங்கச்சி பாத்த என்ஜின்."

நன்றாக ஓடியபோது அது பைத்தா மாஸ்டரின் கைராசி. நின்றதும் தங்கச்சி பார்த்த என்ஜின். ஊர் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதைக் கேட்டுத்தான் நீங்களும் அந்த முடிவுக்கு வந்தீர்கள். இதோ, என் நல்ல குழாய் அந்த ஆணியில் மாட்டியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் உள்ளே.

நீங்கள் நல்லவர் என்று தெரிகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'அவர்களைக் கொஞ்சம் தலைகுனிய வைக்கத்தானே நினைத்தாய், கரைக்கு எதிரிலேயே, அமைதியான தண்ணீரில் நின்றுவிடும் என்று போட்ட கணக்குத் தப்பிவிட்டது, அப்படித்தானே?' என்கிறீர்கள். பாதிரியாரும் பாவசங்கீர்த்தனத்தில் இதையேதான் சொல்லிக்கொடுத்தார். 'ஆமாம்' என்று சொன்னால் தண்டனை குறையும் என்றும் எனக்குப் புரிகிறது.

கணக்குத் தப்பவில்லை, ஐயா. விரிகுடாவுக்குள் அந்தப் படகுக்குப் பாதி ரேஸ் போதும். பாதி ரேஸில் நாக்கு எழாது. முழு ரேஸ் கேட்கிற இடம் அந்த வழியில் ஒன்றே ஒன்றுதான். அது பிரார் பாறை. குழாயை மாட்டும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கே நிற்க வேண்டும் என்று நான் வைத்தேனோ அங்கே நின்றது, ஒரு கை தூரம்கூடத் தள்ளிப்போகவில்லை.

அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். இன்று சாயங்காலம் கோயில் வாசலில் திருத்தத்தை வாசித்துவிட்டீர்கள் என்றால், நாளைக் காலையில் அவரவர் என்ஜினைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள்.